பாதிக் கட்டி

என் வயிற்றில் ஏதோ இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அஞ்சலை. அவள் டாக்டரும் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. எங்கள் ரப்பர் தோட்டத்து முள்வேலிக் கேட்டில் நின்றுகொண்டு, பாலுக்காக மரத்தைக் கீறி வெட்டப் போகும் பெண்களைத் தடவிப் பார்த்து வெளியே அனுப்புகிற வேலை அவளுக்கு.

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய எமர்ஜென்சி காலம் அது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குத் தோட்டத்து ஆட்கள் அரிசி கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்று சொல்லி, புக்கிட் ரோத்தான் பக்கம் சிதறிக் கிடந்த எங்கள் லயங்களைப் (வரிசை வீடுகள்) பிய்த்து ஒரே இடத்தில் நிறுத்தி, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். விடியும்போதுதான் கேட்டைத் திறப்பார்கள். ஆண்களைக் காவலர்கள் தடவுவார்கள். பெண்களுக்குச் சாக்கு மறைப்பு, அதற்குப் பின்னால் அஞ்சலை. கொண்டை, மார்பு, மடி, கொசுவம் என்று அவள் கை வரிசையாக இறங்கும். எங்களுக்கும் பழகிப்போயிருந்தது.

அன்று அவள் கை என் தொப்புளுக்குக் கீழே வந்து நின்றுவிட்டது.

“என்னக்கா இது, கெட்டியா இருக்கு. அரிசி கட்டி வச்சிருக்கியா?”

“அரிசியும் இல்ல, ஒன்னும் இல்ல. கைய எடு.”

“அவுத்துக் காட்டிடுக்கா. அப்புறம் என் வேல போயிடும்.”

அவிழ்த்துக் காட்டினேன். அரிசி இல்லை. வெறும் வயிறுதான். அவள் மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள்: “அக்கா, முழுகாம இருக்கியா?”

சாக்குக்கு அந்தப் பக்கம் இருபது பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நான் சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள்.

அவர்கள் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. என் வீட்டுக்காரர் அப்போது என்னோடு இல்லை. தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசினார் என்று பிடித்துக்கொண்டு போய், காவலில் வைத்து, கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. புருஷன் நாகப்பட்டினத்துக் கரையில், பெண்டாட்டி இங்கே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். லயத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

என் வயதுப் பெண்களைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நாங்கள் மடியில் உட்கார்ந்து கப்பலில் வந்தவர்கள், அல்லது பெற்றோர் வந்து இறங்கியபின் இங்கே பிறந்தவர்கள். எங்களுக்கு முப்பது தாண்டியபோது ஜப்பான்காரன் வந்தான். ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனான். என் தம்பிகள் இரண்டு பேரும் போனார்கள், திரும்பவில்லை. நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். அந்தப் பஞ்சத்தில் லயத்துப் பெண்கள் பலருக்கு மாதவிலக்கே நின்றுபோனது. சண்டை முடிந்து அரிசி வந்தபோது அதுவும் திரும்பி வந்தது. அதனால் நாற்பது தாண்டிய பிறகு எனக்கு இரண்டு மூன்று மாதம் வராமல் போனபோது நான் கவலைப்படவில்லை. ரேஷன் சோற்றில் உடம்பு வற்றிவிட்டது, நல்லது தின்றால் திரும்ப வரும் என்று நினைத்தேன். மாதவிடாய் நிறுத்தம் (வயதானபின் தீட்டு நின்றுபோவது) என்று ஒன்று இருப்பது தெரியும். அது வரும்போது என்னென்ன செய்யும் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. சொல்லக்கூடிய வயதில் இருந்த பெண்கள் பஞ்சத்தில் போய்விட்டார்கள்.

நின்றது பிறகு திரும்ப வந்தது. வந்ததும் ஒரே பாய்ச்சலாக வந்தது. பழைய வேட்டியை நாலாக மடித்து வைத்தாலும் பால்வாளி சுமந்து வருவதற்குள் நனைந்துவிடும். கட்டி கட்டியாகப் போனது. முதுகு இற்று விழுவது போல வலித்தது. மரத்தடியில் உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். அடிவயிறு மட்டும் கல்லாகவே இருந்தது.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்படி இருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சேலைக்கு மேலே கையை வைத்துப் பார்க்கிற மருத்துவரிடம் இன்னொரு முறை போகாதீர்கள். எனக்கு நடந்ததெல்லாம் அங்கே தொடங்கியதுதான்.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது, டிரஸ்ஸர்தான் (மருந்து கொடுத்து, கட்டுப்போடுகிற உதவியாளர்). படுக்க வைத்தார், சேலைக்கு மேலேயே இரண்டு விரலால் அழுத்தினார், கையைக் கழுவப் போய்விட்டார்.

“அஞ்சு மாசம். புருஷன் எங்க?”

“உங்களுக்குத் தெரியாதாங்கய்யா? நாடு கடத்திட்டாங்க.”

“அதான் கேக்குறேன்.”

“ஐயா, ரத்தம் போய்க்கிட்டே இருக்குங்க. புள்ள இருந்தா ரத்தம் போகுமா?”

“கலைக்க மருந்து தின்னா போகும். என்ன தின்ன? எள்ளா, அன்னாசியா?”

நான் ஐந்து பெற்றவள். நாலை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு ஒன்றை வைத்திருந்தேன். பிள்ளை இருக்கும் வயிறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அசையாத, புரளாத, உதைக்காத ஒன்றை வைத்துக்கொண்டு அந்த ஆள் எனக்கு மாசம் எண்ணிச் சொன்னார். வாயில் வந்ததைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். அந்தக் கோபத்துக்கும் சேர்த்துத்தான் அவர் ஆபீசில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆபீசில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி வந்து உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் மரம் வெட்டிய நிரை காட்டோரத்தில் இருந்தது. புருஷன் நாடு கடத்தப்பட்டவன். வயிறு பெருத்திருக்கிறது. அவருக்குக் கணக்குச் சரியாக வந்தது. காட்டிலிருந்து யார் உன்னிடம் வந்து போகிறான் என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டார். யாரும் இல்லை என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்வதற்கு முன்பே அவர் தலையை ஆட்டிவிட்டார். மறுநாள் முதல் மரத்தை என்னிடமிருந்து எடுத்து, வேலிக்குள்ளேயே புல் வெட்டப் போட்டார்கள்.

இதெல்லாம் போகட்டும். துரைமாரும் போலீஸும் நம்மை நம்பவில்லை என்றால் அது புதிதில்லை. எனக்கு வேண்டியிருந்தது என் மகள் சரோஜா என்னை நம்புவது. நான் பெற்றதில் மிஞ்சியவள் அவள் ஒருத்திதான்.

சரோஜாவை முந்தின வருஷம்தான் கட்டிக்கொடுத்திருந்தேன். வேறு டிவிஷனில் இருந்த குடும்பம். லயங்களைச் சேர்த்து வேலி போட்டபோது அவர்களும் எங்கள் வேலிக்குள் வந்துவிட்டார்கள். என் வாசலில் நின்றால் அவள் அடுப்புப் புகை தெரியும். அவள் அப்போது நிஜமாகவே ஐந்து மாதம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வருவது நம் வழக்கம். அவளைக் கூட்டி வந்து, என் பாயில் படுக்க வைத்து, அவள் தலையை என் மடியில் வைத்துப் பிள்ளையை வாங்க வேண்டும். அந்த நாட்களில் நான் சாகாமல் இருந்தது அதற்காகத்தான்.

வளைகாப்புக்கு ஐந்து வகைச் சோறு தாய்தான் கொண்டுபோக வேண்டும். அரிசி அளந்து கொடுத்த காலம். என் பங்கிலிருந்து ஒரு வேளைச் சோற்றை நிறுத்தி, பிடி பிடியாக அரிசி சேர்த்தேன். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். எல்லாம் கிண்ணம் அளவுதான். தட்டில் வைத்து, வளையல் வைத்து, மூடி எடுத்துக்கொண்டு போனேன். சம்பந்தியம்மா பந்தலுக்கு வெளியிலேயே எதிரே வந்து நின்றுவிட்டார்.

“தட்ட குடுங்க சம்பந்தி. நீங்க உள்ள வர வேணாம்.”

“ஏன்?”

“ரெண்டு வயிறு ஒரே பந்தல்ல நிக்கக் கூடாது. எம் மருமகளுக்கு ஒன்னு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?”

“எனக்கு வயித்துல புள்ள இல்ல சம்பந்தி. எதோ நோவு. சரோஜாகிட்ட நான் சொல்லிக்கிறேன், அவள கூப்பிடுங்க.”

“அவதான் உங்கள வர வேணாம்னு சொன்னா.”

சோற்றை வாங்கிக்கொண்டார், என்னைத் திருப்பி அனுப்பினார். உள்ளே பெண்கள் வளையல் போடும் சத்தம் கேட்டது. சரோஜா மணையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். என் குரல் அவளுக்குக் கேட்டிருக்கும். நிமிரவில்லை.

அவளையும் நான் குறை சொல்ல முடியாது. மகள் பிள்ளை பெறும் வயதில் தாயும் வயிற்றோடு நின்றால், புருஷன் கூட இருந்தாலே ஊர் சிரிக்கும். பத்தொன்பது வயதுப் பெண், புகுந்த வீட்டில் எல்லோரும் பேசுவதைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள். இப்போது இப்படிச் சொல்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து வயிற்றை இரண்டு கையாலும் குத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் புல் வெட்டினேன், ரத்தம் போனது, அவ்வளவுதான் நடந்தது. ஒரு நாள் மத்தியானம் ஆபீஸ் முன்னாலேயே விழுந்துவிட்டேன். தோட்டத்து மானேஜரின் பெண்டாட்டி துரையம்மா பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் சத்தம் போட்டதால் பால் ஏற்றும் லோரியில் படுக்க வைத்து, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். லயத்துச் சாமிகள் செய்யாததை அவள் செய்தாள்.

அங்கே ஒரு வெள்ளைக்கார லேடி டாக்டர். பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு தமிழ் மிஸ்ஸி (தாதி). டாக்டர் கையுறை போட்டு, உள்ளே கைவிட்டுப் பார்த்தார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் என்னை முழுதாகப் பார்த்த முதல் ஆள் அவர்தான். பார்த்துவிட்டு நிறைய நேரம் பேசினார்.

“புள்ள இல்லம்மா,” என்றாள் மிஸ்ஸி. “கர்ப்பப்பையில கட்டி. ஃபைப்ராய்டுனு பேரு. சதைக்கட்டி, புத்துநோய் இல்ல. உங்க வயசுல நெறைய பேருக்கு வரும். உங்களுக்குப் பெருசா வளந்திடுச்சி. கர்ப்பப்பையவே எடுத்துடணும்னு சொல்றாங்க. பக்கத்துல இருக்கிற சினைப்பையும் கெட்டிருந்தா அதையும்.”

பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பெண்ணுக்கும் அதே போல ஏதோ சொல்லியிருந்தார்கள், அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் சிரித்தேன். கட்டி என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டதும் எனக்குச் சாமி வரம் கொடுத்தது போல இருந்தது. “இத எங்க தோட்டத்துல வந்து சொல்லுவாங்களா மிஸ்ஸி?” என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை.

ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. அனீமியா (ரத்தச்சோகை) என்றார்கள். நகமெல்லாம் வெளுத்திருந்தது. யாரோ ஒருவருடைய ரத்தத்தைப் பாட்டிலில் தொங்கவிட்டு எனக்கு ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் அறுத்தார்கள். அறுப்பதற்கு முன் நான் மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டேன்.

“அந்தக் கட்டிய எங்கிட்ட குடுத்துடுங்க.”

“என்னம்மா இது. இதெல்லாம் கோயில் பிரசாதமா, கையில குடுக்க?”

“எம் மகளுக்குக் காட்டணும். அவ நம்ப மாட்டேங்கிறா. பிரசவத்துக்கு என்ன பக்கத்துல சேக்க மாட்டேங்கிறாங்க. கண்ணால பாத்தா நம்புவா.”

அவள் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் முழுசாகத் தர முடியாது, பாதியைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், மீதிப் பாதியைத் தருகிறேன் என்றார். நல்ல மனசோடு சொன்னார். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். இரண்டு பேருமே முட்டாள்கள்.

முகத்தில் ஒரு மூடியை வைத்துக் குளோரோஃபார்ம் (மயக்க மருந்து) கொடுத்தார்கள். கண் விழித்தபோது வயிறு தீப்பிடித்ததுபோல இருந்தது. தொப்புளிலிருந்து கீழே வரை தையல். இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று பயம். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லித் தந்தாள் மிஸ்ஸி. இது உங்களுக்கும் உதவும். எழுந்து நடக்கச் சொல்லும்போது நடந்துவிடுங்கள், வலி நடந்தாலும் உண்டு, படுத்தாலும் உண்டு. சினைப்பைகளையும் எடுத்துவிட்டதால் திடீரென்று உடம்பு அனலாக எரியும், வேர்த்துக் கொட்டும், பிறகு குளிரும். பைத்தியம் பிடிக்கிறது என்று நினைக்காதீர்கள். அது அடங்கப் பல மாதம் ஆகும். ஈர முண்டாசுத் துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பார்க்க லயத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. கேட்டைத் தாண்ட அனுமதி கிடைக்காது என்பது உண்மைதான். கேட்டவர் யாரும் இருந்தார்களா என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு அனுப்பும்போது வாய் அகன்ற கண்ணாடி பாட்டிலில், மருந்துத் தண்ணீருக்குள் அந்தப் பாதியைப் போட்டுக் கொடுத்தார்கள். வெளுப்பாக, உருண்டையாக, வெட்டிய பக்கம் பாதி முட்டைக்கோஸ் போல ஏடு ஏடாக இருந்தது. அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தையலை ஒரு கையாலும் பாட்டிலை மறு கையாலும் பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் சரோஜாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் பேசிப் பார்த்தேன்.

கேட்டில் மலாய்க் காவலர் துண்டைத் தொட்டு “அபா இனி?” என்று கேட்டார். என்ன இது என்கிறார். “சாக்கிட், துவான்,” என்றேன். நோய் ஐயா, என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். திறக்கச் சொன்னார். திறந்தேன். அவர் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். வேலை முடிந்து வந்த நேரம். கேட்டில் கூட்டம் கூடிவிட்டது.

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்தேன். “பாத்துக்குங்க. இதுதான் எம் வயித்துல இருந்துச்சி. கட்டி. பெரிய டாக்டர் அறுத்துக் குடுத்தாங்க. எல்லாரும் நல்லா பாத்துக்குங்க.”

கூட்டம் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. பிறகு அஞ்சலை சொன்னாள், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவளுக்குத் தோன்றியதைச் சொன்னாள்.

“அக்கா, தலை மாதிரி இருக்கு.”

அவ்வளவுதான். “ஆமா, மண்ட ஓடு.” “பாதிதானே இருக்கு, மீதி எங்க?” “ஒடம்ப அங்கேயே போட்டுட்டு வந்திருப்பா.” ஒருத்தி பிள்ளையின் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். மீதிப் பாதி பரிசோதனைக்குப் போயிருக்கிறது என்று நான் கத்தினேன். எதைப் பரிசோதிக்க, யார் ஜாடை என்று பார்க்கவா என்று ஓர் ஆண் குரல் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டத்துக்குப் பின்னால் சரோஜா நின்றிருந்தாள். நிறைமாதம். முகம் வெளிறியிருந்தது. நான் பாட்டிலோடு அவளை நோக்கி நடந்தேன். அவள் வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“கிட்ட வராதம்மா. அத மூடு.”

“கட்டிடி இது. டாக்டரே சொன்னாங்க.”

“மூடும்மா. என் புள்ளைக்கு ஆகாது.”

சம்பந்தியம்மா அவளைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பெத்த புள்ளைய கொன்னு பாட்டில்ல போட்டு ஊருக்குக் காட்டுறா. நான் எங்கயும் பாக்கல இத.”

வயிறு பெருத்தபோது கெட்டுப்போனவள் என்றார்கள். ரத்தம் போனபோது மருந்து தின்றவள் என்றார்கள். கட்டியை அறுத்துவிட்டு வந்தால் கொலைகாரி. என் உடம்பு என்ன செய்தாலும் அவர்களிடம் அதற்கு ஒரு பெயர் தயாராக இருந்தது. இந்தியாவுக்கும் செய்தி போயிற்று. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பாட்டிலைக் கொட்டி, அந்தப் பாதியை லயத்துக்குப் பின்னால் வாழைக்கு அடியில் புதைத்தேன். குனிந்து தோண்டியதில் தையல் ஓரம் கசிந்தது.

சரோஜாவுக்கு ஒரு நாள் காலையில் வலி கண்டது. கூக்குரல் என் வாசல் வரை கேட்டது. போனேன். கதவைச் சாத்தினார்கள். செத்த பிள்ளையின் தீட்டு என்மேல் இருக்கிறதாம், பிறக்கிற பிள்ளைக்கு ஆகாதாம். நான் அவர்கள் வீட்டுப் பின்பக்கம் சாக்கடை ஓரமாகப் போய், பலகைச் சுவரில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றேன். பலகைக்கு அந்தப் பக்கம், கை எட்டுகிற தூரத்தில் அவள் கத்தினாள். வெயில் தலைக்கு மேலே வந்து இறங்கியது. அவள் அம்மா அம்மா என்று கத்தியபோதெல்லாம் நான் “இங்கதான் இருக்கேன், முக்குடி” என்றேன். உள்ளே யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. கடைசியில் பிள்ளை அழுதது. ஆண் பிள்ளை என்று யாரோ சொன்னார்கள். எனக்கு இருந்த கர்ப்பப்பை அப்போது இல்லை, ஆனாலும் அடிவயிறு சுருட்டிப் பிடித்து இழுத்தது. அது எப்படி என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்டதில்லை.

தீட்டுக் கழித்த பிறகு ஒரு மத்தியானம், மாமியார் ரேஷன் வரிசைக்குப் போயிருந்த நேரம், சரோஜா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தாள். பிள்ளையை என் மடியில் வைத்தாள். சூடாக, கனமாக இருந்தான். நான் அழுதேன். அவளும் அழுதாள். பிறகு என் சேலையை விலக்கி, தையல் தழும்பைப் பார்த்தாள். விரலால் மேலிருந்து கீழே தடவினாள். அப்பாடா, நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

“வலிச்சிச்சாம்மா?”

“இப்ப இல்ல.”

“நான் உன்மேல கோவமா இல்லம்மா. அப்பா இல்லாம நீ எவ்ளோ தனியா இருந்திருப்ப. எனக்கும் ஒரு புள்ள ஆனப்புறம்தான் புரியுது.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என்கிட்ட மட்டும் சொல்லு. அது யாரோட புள்ள?”

என்னிடம் கேட்டவர்களில் அவள் ஒருத்திதான் அன்பாகக் கேட்டாள்.

“கட்டிதான் சரோஜா,” என்றேன். “சத்தியமா கட்டி.”

அவள் முகம் மாறியது. “என்கிட்ட கூடவாம்மா?” என்று சொல்லி, பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்தாள். எழுந்தாள். வாசல் வரை போய்விட்டாள். அந்த வாசலைத் தாண்டினால் அவள் திரும்ப வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

“அந்த ஆளு இப்ப உசுரோட இல்ல,” என்றேன். “யாருன்னு கேக்காத.”

நின்றாள். திரும்பி வந்தாள். பிள்ளையை மறுபடியும் என் மடியில் வைத்து, தன் தலையையும் என் தோளில் சாய்த்துக்கொண்டாள். “ஏன்மா இத மொதல்லயே சொல்லல,” என்றாள். எங்கே புதைத்தாய் என்று கேட்டாள். காட்டினேன். மறுநாள் பித்தளைச் செம்பில் கொஞ்சம் பால் கொண்டுவந்து வாழைக்கு அடியில் ஊற்றிக் கும்பிட்டாள். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

பரிசோதனைக்குப் போன பாதியில் புற்று இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லாமல் போயிற்று. உடம்பு தேறியது. எமர்ஜென்சி முடிந்தது, வேலியைப் பிரித்தார்கள், டிரஸ்ஸர் செத்தார், சம்பந்தியம்மாவும் செத்தார். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. குவாலா சிலாங்கூரில் சரோஜாவோடுதான் இருக்கிறேன், என்னைக் குளிப்பாட்டுவதும் அவள்தான். நான் தோட்டப் பள்ளியில் மூன்று வகுப்பு படித்தவள். அவள் படிக்க வேண்டிய வயதில் ஜப்பான்காரன் பள்ளியைப் பூட்டிவிட்டதால் அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

மாதம் என்று ஒன்று என் உடம்புக்கு இல்லாமல் போய் வெகு காலம் ஆகிறது. ஆனால் வருஷம் தவறுவதில்லை. பேரன் பிறந்த நாளன்று சரோஜா பாயசம் வைத்தால் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பாள், தம்பிக்கு என்று. தம்பி நடந்திருப்பான், தம்பி பள்ளிக்கூடம் போயிருப்பான் என்று வருஷத்துக்கு வருஷம் சொல்லிக்கொண்டே வந்தாள். போன மாதம் பேரனுக்குக் கல்யாணம் முடிந்தது. பந்தியெல்லாம் முடிந்தபிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் வயிற்றில் கையை வைத்து, “தம்பிக்கும் இந்நேரம் பொண்ணு பாத்திருப்போம்ல?” என்றாள். பார்த்திருப்போம் என்றேன்.